வெள்ளைத் துணியில் விழாத உண்ணி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்:

காலனிச் சங்கத் தலைவர்.

அவர் மனைவி.

மாடி அறையில் படுத்திருந்த அவர்கள் மகள் நிவேதா. மூன்று நாளில் கல்யாணம்.

சுகாதார ஆய்வாளர். எனக்கு மேலே இருந்தவர். சார் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மேடம். வயது முப்பது இருக்காது.

ஜீப் டிரைவர் பாபு. கேட்டுக்கு வெளியே.

நான்.

கோக்கோ. அது நாய். அதைச் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மருந்து கலப்பது, இடுக்கி பிடிப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே போனால் அந்தக் காலனி. பின்னால் காலி மனைகள். அதற்கும் பின்னால் ஏரிக்கரை, அங்கே காலனி வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற வீடுகள். காலனிக்குக் கேட் உண்டு, காவலாளி உண்டு. பால்காரர்கூடப் பெயர் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

தலைவரிடமிருந்து மனு வந்திருந்தது. ஏரிக்கரை நாய்களால் உண்ணித் தொல்லை. அதனால் காலனியில் காய்ச்சல் பரவும் அபாயம். நாய்களை உடனே அப்புறப்படுத்தவேண்டும். காரணமும் அவரே கண்டுபிடித்துவிட்டார், தீர்ப்பும் அவரே சொல்லிவிட்டார். எங்களுக்கு மிச்சம் இருந்தது வேலை மட்டும்.

அபாயம் என்றுதான் எழுதியிருந்தார். காய்ச்சல் ஏற்கெனவே வந்து அவர் வீட்டு மாடியில் படுத்திருக்கிறது என்று எழுதவில்லை.

சாருக்கு ஒரு பழக்கம். மனு கொடுத்தவர் வீட்டுக்கு வரைபடத்தில் புள்ளி வைப்பார். அதை நடுவாக வைத்து வட்டம் போடுவார். வட்டத்துக்குள் புல், புதர், மாடு, நாய், எலி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வார். நாங்களும் பார்ப்போம். வட்டத்தின் ஓரத்திலிருந்து ஆரம்பிப்போம். நடுப்புள்ளியில் இருப்பவர் மனு கொடுத்தவர். அவரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

காலையில் காலி மனையில் துணி இழுத்தேன். உங்களுக்கும் இந்த வேலை வரும். வெள்ளை ஃபிளானல் துணியைக் கம்பில் கட்டிப் புல் மேல் இழுத்துக்கொண்டே போகவேண்டும். புல் நுனியில் ஆள் வரட்டும் என்று காத்திருக்கிற உண்ணி, துணியை ஆள் என்று நினைத்து ஏறும். நின்று நின்று துணியைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

பாபு ஜீப் நிழலில் உட்கார்ந்து சிரித்தான்.

"இன்னாண்ணா, துணிய தொவச்சி காயப்போடுவாங்க. நீ இன்னா காஞ்ச துணிய அழுக்காக்கிகினு கீற?"

ஒன்றும் விழவில்லை. சாரிடம் போய், "உண்ணி இல்லை சார்" என்றேன்.

"இல்லைன்னு சொல்லாதய்யா. விழலைன்னு சொல்லு. இல்லைன்னு சொல்ல நீ யாரு?"

முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொன்னதில் இது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. அன்று மத்தியானத்துக்குள் அவரே அதை மறந்துபோனார். நானும்தான்.

அடுத்து ஏரிக்கரை. தேவகி என்று ஒரு அம்மாள், காலனியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். தெருநாய்களுக்குச் சோறு வைப்பது அவர்தான். மனுவில் குற்றவாளிகள் என்று எழுதியிருந்த ஏழு நாய்களும் அவர் கூப்பிட்டதும் வந்து வரிசையாக உட்கார்ந்தன. நான் காது, கழுத்து, விரலிடுக்கு என்று சீப்பு போட்டுப் பார்த்தேன். நாலு உண்ணி கிடைத்தது. ஏழு நாய்க்கும் சேர்த்து.

தேவகி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுங்கள புட்சிகினு போய்டுவீங்களா சார்?"

"பார்க்கத்தான் வந்தோம்மா."

"பாத்துட்டு புட்சிகினு போவீங்க. எங்களுக்குத் தெரியாதா? எங்க நாயிக்கு மட்டும் சீப்பு போட்டு வாரிகினு கீறீங்களே, தலைவர் வூட்ல ஒண்ணு சோபா மேல பட்த்துகினு கீதே, அதுக்கு இன்னா, தலை சீவ வேற ஆள் வர்றாங்களா?"

பாபு சிரித்தான். சார் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு, தலைவர் வீட்டுக்குப் போனோம். சீப்பை ஜீப்பிலேயே வைத்துவிட்டோம்.

அந்த அம்மாள் கேட்டது கேள்வி. நாங்கள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டோம்.

தலைவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குன்றத்தூர் மலைக்கோயிலில் தாலி கட்டுவது, சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. தலைவர் எங்களை உட்காரவைத்தார். காபி வந்தது.

"எத்தனை பிடிச்சீங்க?"

"நாலு சார்" என்றார் சார்.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? நாலு கிடைச்சா நாலாயிரம் இருக்கும். எழுதிடுங்க."

சார் எழுத ஆரம்பித்தார். டாக்டர் மேடம் பக்கத்துத் தெருவில் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். யாருக்கும் காய்ச்சல் இல்லை. இந்த வீட்டிலும் வழக்கம்போலக் கேட்டார்.

"இங்க யாருக்கும் இல்ல மேடம்" என்றார் தலைவர்.

அவர் மனைவி காபி டம்ளரை எடுக்க வந்தவர், எடுக்காமல் நின்றார்.

"பொண்ணுக்கு கொஞ்சம் உடம்பு சுடுது மேடம்."

"கல்யாண அலைச்சல். பெரிய ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. டெங்கு இல்ல, டைபாய்டு இல்ல. வைரல்னு சொல்லிட்டாங்க" என்றார் தலைவர். மனைவியைப் பார்த்து முறைத்தார். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். காய்ச்சல் என்று காதில் விழுந்தால் பெண்ணுக்கு என்ன வியாதி என்று கேட்பார்கள்.

"எத்தனை நாளா?" என்றார் டாக்டர் மேடம்.

"அஞ்சு நாளா" என்றார் அம்மா.

டாக்டர் மேடம் எழுந்து மாடிக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று தலைவர் சொல்வதற்குள் பாதிப் படி ஏறிவிட்டார். இந்த வேலையில் கால் சில நேரம் வாயைவிட முந்திக்கொள்ளவேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மேலே நாய் குரைக்கும் சத்தம். டாக்டர் மேடம் கூப்பிட்டார்.

"யாராவது வந்து இந்த நாயைப் பிடிங்க. கிட்டப் போக விடமாட்டேங்குது."

நாய் பிடிப்பது என் வேலை. போனேன்.

அந்தப் பெண் கட்டிலில் கிடந்தது. கண் சிவந்து, உதடு வெடித்து. கட்டிலை ஒட்டித் தரையில் கோக்கோ. தேன் நிறத்தில் நீள முடி, கன்றுக்குட்டி அளவு. டாக்டர் மேடம் ஒரு அடி வைத்தால் உறுமியது. நான் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். என்னை முகர்ந்து பார்த்தது. காலையிலிருந்து ஏழு நாய் வாசனை என் மேலே. ஆளை நல்ல குடும்பம் என்று நினைத்திருக்கும், அடங்கிவிட்டது.

டாக்டர் மேடம் பிரஷர் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். குறைவு. முழங்கைக்கு மேலே, கணுக்காலுக்கு மேலே, சிவப்புச் சிவப்பாகப் புள்ளி இருந்தது.

"இது எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து மேடம். பார்லர்ல ஏதோ க்ரீம் போட்டாங்க, ஒத்துக்கல. ஆஸ்பத்திரியில காட்டினப்பவும் அலர்ஜின்னுதான் சொன்னாங்க" என்றார் அம்மா.

நியாயமாகத்தான் இருந்தது. கல்யாணப் பெண், பார்லர், க்ரீம், அலர்ஜி. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டுகிற காரணம் கிடைத்தால் ஆஸ்பத்திரியானாலும் ஆய்வாளரானாலும் அத்தோடு நிறுத்திவிடுவோம்.

நான் நாயைப் பிடித்திருந்தேன். கை சும்மா இருக்காது. காலையிலிருந்து செய்த வேலையையே செய்தது. காது மடலைத் திருப்பினேன். உண்ணி, திராட்சைக் கொத்து மாதிரி இருந்தது. அடியில் தோல் தெரியவில்லை.

சார் கதவோரம் வந்து நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். பேசாதே என்று கண்ணைக் காட்டினார். கல்யாண வீடு, சங்கத் தலைவர், அறிக்கை பாதி எழுதியாகிவிட்டது. கீழே போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றையும் கீழே போய்ச் சொல்லலாம் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

நான் பேசவில்லை. ஒன்றைப் பிடுங்கி, டாக்டர் மேடத்தின் வெள்ளை எழுது அட்டையில் வைத்தேன். அது அட்டை மேல் ஊர்ந்தது.

டாக்டர் மேடம் அதைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அப்புறம் பெண்ணிடம் குனிந்தார்.

"நிவேதா, இந்த உண்ணியை நீ கையால எடுப்பியா?"

பதில் வர நேரமானது.

"நான் போயிட்டா... அவனுக்கு யார் எடுப்பா... எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகணும்."

"எடுத்து?"

"நகத்துல நசுக்குவேன்."

"எங்கேயிருந்து வந்தது இத்தனை? ஏரிக்கரை நாய்தான்" என்றார் தலைவர். அவரும் மேலே வந்திருந்தார்.

"கோக்கோ தெருவுக்கே போகமாட்டானேங்க" என்றார் அவர் மனைவி. "நாம கோயம்புத்தூர் பக்கம் பத்திரிகை வைக்கப் போனப்ப அங்க நாய் விடுதியில விட்டோமே, அதுலேருந்துதான் சொறிஞ்சிக்கிட்டே இருக்கான்."

நாய்களுக்கு விடுதி. ஊட்டியிலிருந்து ஒன்று, பெங்களூரிலிருந்து ஒன்று, கொடைக்கானலுக்குப் போய்வந்தது ஒன்று என்று எல்லாம் ஒரே கூரையில் ஒரு வாரம். வரும்போது கோக்கோ தலைவர் காரில், ஏசியில், பெல்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கேட்டில் காவலாளி சல்யூட் அடித்திருப்பார். பெயர் எழுதச் சொல்லியிருக்கமாட்டார்.

உண்ணி தன் ஆயுசுக்கும் நடந்தாலும் தெருக்கோடி போய்ச்சேராது. ஒரு ஊர் நோய் இன்னொரு ஊருக்கு வந்திருக்கிறது என்றால், யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மேடம், "கையைக் காட்டும்மா, உள்ளங்கை" என்றார்.

அம்மா வலது கையைப் பிடித்து நீட்டினார். மருதாணி. முழங்கை வரைக்கும் கொடி, பூ, மயில். நல்ல சிவப்பு. உள்ளங்கையில் தோலின் நிறமே தெரியவில்லை.

"பாதம்?"

பாதத்திலும் மருதாணி. அடியிலும் பூசியிருந்தார்கள்.

டாக்டர் மேடம் நிமிர்ந்தார். "இந்தக் காய்ச்சல்ல உள்ளங்கையிலயும் பாதத்துலயும் புள்ளி வரும். க்ரீம் அலர்ஜியில அங்க வராது, அங்க யாரும் க்ரீம் பூசமாட்டாங்க. அதைத்தான் நான் பார்க்கணும். அதையே மூடி வெச்சிருக்கீங்க."

"கல்யாணப் பொண்ணு மேடம்" என்றார் அம்மா. அழுகை வந்துவிட்டது.

"இன்னொரு கை?"

இடது கை போர்வைக்குள் இருந்தது. அம்மா உடனே எடுக்கவில்லை.

"அது வேணாம் மேடம். மருதாணி போடும்போதே இவளுக்கு மறுபடியும் குளிர் வந்துடுச்சு. பாதியில நிறுத்தியாச்சு. பார்க்க அசிங்கமா இருக்கு. யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன்."

"எடுங்க."

எடுத்தார். விரல் நுனியில் மட்டும் மருதாணி. உள்ளங்கை வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால் மருதாணி இல்லை. மேடு, பள்ளம், ரேகை எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி.

பெரிய ஆஸ்பத்திரியிலும் அந்தக் கையைச் சால்வைக்குள் வைத்துத்தான் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஊசி போட்டது, ரத்தம் எடுத்தது எல்லாம் அழகான கையில்.

டாக்டர் மேடம் பையைத் திறந்தார். ஒரு மாத்திரை எடுத்தார். டாக்ஸிசைக்ளின். நம் பையில் எப்போதும் கிடக்கிற சாதாரண மாத்திரை.

"என்ன குடுக்கறீங்க?" என்றார் தலைவர்.

"இது வைரஸ் இல்ல சார். உண்ணியில இருக்கிற பாக்டீரியா. கடிச்சாலும் வரும், நசுக்கின விரல் வழியாவும் வரும். இதுக்கு மருந்து இருக்கு."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட் வர நாலு நாள் ஆகும்."

"அப்ப நாலு நாள் கழிச்சு குடுங்க. கல்யாணப் பொண்ணு மேடம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நாலு நாள் கழிச்சு யாருக்குக் குடுக்கறது சார்?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்து, "பஸ் வந்துடுச்சா?" என்றது. பஸ் எதுவும் இல்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"குடுங்க மேடம். நான் பொறுப்பு" என்றார் அம்மா. தானே தண்ணீர் எடுத்தார். மருதாணி போடாத கையைப் பிடித்துக்கொண்டார்.

தப்பாகப் போயிருந்தால் டாக்டர் மேடத்தின் வேலை போயிருக்கும். சரியாகப் போனால் ஒன்றும் கிடைக்காது. நம் வேலையில் முடிவெடுப்பது என்றால் பெரும்பாலும் இப்படித்தான்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். தலைவர் போனை வாங்கி வாசலுக்கு வந்து, "சைரன் போடாம வாங்க, தெருமுனையிலேயே நிறுத்துங்க" என்றார். பாபு கேட்டுவிட்டான்.

"சார், ஆம்புலன்ஸு இன்னா மாப்ள ஊர்வலமா? முனையில நிறுத்தி நடத்திகினு வர்றதுக்கு? வூட்டு வாசலுக்கே வரச் சொல்லுங்க. பந்தக்கால நான் புடுங்குறேன்."

பிடுங்கினான். ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது, சைரனோடு. மாப்பிள்ளை வீட்டார் கார் அதற்குப் பின்னால் வந்து நின்றது. தலைவர் எதிர்பார்த்த கேள்வி எதையும் அவர்கள் கேட்கவில்லை. மாப்பிள்ளை, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு நாங்கள் நடுப்புள்ளியில் வேலையை ஆரம்பித்தோம். காலையிலேயே ஆரம்பித்திருக்கவேண்டிய இடம். மாடிப்படிக்குக் கீழே கோக்கோவின் மெத்தை. சுவர் விரிசல். சோபாவின் தையல். இந்த ஜாதி உண்ணி புல்லில் காத்திருக்காது, வீட்டுக்குள் குடும்பம் நடத்தும் என்று டாக்டர் மேடம் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். சார் டார்ச் பிடித்தார். சாருக்கு டார்ச் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். அன்று அவராகவே வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது என்று டாக்டர் மேடம் போன் செய்தார். ரிசல்ட் அதற்குப் பிறகு வந்தது. உண்ணிக் காய்ச்சல்தான். கல்யாணம் தள்ளிப்போனது. முகூர்த்தத்தில் தோஷம் இருப்பதாக ஜோசியர் சொல்லிவிட்டார் என்று தலைவர் எல்லாருக்கும் போன் செய்தார். பத்திரிகை வாங்கிய அத்தனை பேரும் நம்பினார்கள். உண்ணி என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

மறுமுறை மருந்தடிக்கப் போனபோது நிவேதா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. கோக்கோவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பார்க்க ஏரிக்கரை நாய் மாதிரியே இருந்தது. தேவகி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். கோக்கோவைப் பார்த்து, "வாடா, இப்பத்தான் எங்க ஊரு புள்ள மாதிரி கீற" என்றார்.

சார் அறிக்கையை முடிக்கவேண்டும். தலைவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஏரிக்கரை நாய்ங்க பேர்ல நாலுன்னு எழுதிட்டீங்க. அது போதும் சார். நம்ம வீட்டு நம்பர் எதுக்கு? எண்ணினது நீங்கதான், வேற யாருக்குத் தெரியும்? காலனிக்குள்ள இல்லைன்னு ஒரு வரி போட்டுடுங்க. இந்தப் பேப்பரை வெச்சுத்தான் அந்த நாய்ங்களைப் பத்தி முடிவு பண்ணப் போறாங்க."

சார் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. வாசலில் துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது.

நிவேதா மாடிப்படியில் இறங்கிவந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. வலது கையில் மயில் மங்கிப்போயிருந்தது. இடது கையில் விரல் நுனி மட்டும் சிவப்பு. மறைக்கவில்லை.

"எழுதுங்க சார்" என்றது. கடைசிப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. "எத்தனைண்ணா?"

தலைவர் என்னைப் பார்த்தார். சாரும் பார்த்தார். இந்த முறை கண்ணைக் காட்டவில்லை.

சார் எழுதினார். காலி மனையில் துணியில் விழவில்லை. ஏரிக்கரை நாய்கள் ஏழில், நாலு. மூன்றாவது வரியில் வீட்டு எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

நான் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னேன்.

இருநூற்று ஆறு.